செனுவாராவின் கைக்காசு

காளியாயி செனுவாராவுக்குக் கொடுக்க வேண்டிய காசு பதினோராயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய். கடைக் கடன் என்றால் கடைப்பக்கம் போகாமல் மேல் ரோட்டால் சுற்றி வந்துவிடலாம். இது அப்படியில்லை. காசுக்காரி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பக்கத்து நிரையில் நின்றே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளாவது அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. கேட்டுச் சண்டை போட்டிருந்தால்கூடக் காளியாயிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இலங்கை மலைநாட்டில், ராகலைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் கிடையாது. விருப்பப்பட்டவர்கள் மலைக்குப் போய், எடுத்த கிலோவுக்கு அன்றைக்கே கையில் காசு வாங்கிக்கொள்ளலாம். கைக்காசு என்பார்கள். ஆனால் தோட்டத்தில் பேர் பதிந்தவர்கள்தான் தராசுக்கு வரலாம். மகள் எடுத்ததைத் தாய் பேரில் போடுவதும், மருமகள் எடுத்ததை மாமியார் பேரில் போடுவதும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எப்போதும் நடப்பதுதான். கங்காணி பொன்னையாவுக்கும் தெரியும். தெரியாத மாதிரி வானத்தைப் பார்த்துக்கொள்வார். அந்த வழியில்தான் செனுவாரா எடுத்த கொழுந்து காளியாயியின் பேரில் ஏறியது. காசும் காளியாயியின் கைக்கு வந்து, அங்கிருந்து செனுவாராவின் கைக்குப் போனது. போன கார்த்திகை மழையில் லயத்துக் கூரைத் தகரம் காற்றோடு பறந்து கீழே தண்ணீர் ஓடும் கானில் விழும் வரைக்கும் ஒழுங்காகத்தான் போனது. அதற்குப் பிறகு சில மாதத்துக் காசு, தகரத்துக்கும் ஆணிக்கும் என்று, காளியாயியின் கையோடு நின்றுவிட்டது. அவள் சொன்னபோது செனுவாரா தலையை ஆட்டினாள், அவ்வளவுதான்.

செனுவாரா ரோஹிங்கியாக்காரி. மியன்மாரில் அரக்கான் பக்கம் அவள் ஊர். ஊரை எரித்தார்கள், புருஷன் திரும்பி வரவில்லை. பங்களாதேஷ் முகாமில் சில மாதம் கிடந்தாள். அங்கேயும் இருக்க முடியாமல் கைக்குழந்தையோடு படகு ஏறினாள். படகு வேறு எங்கேயோ போகக் கிளம்பி, இயந்திரம் நின்று, இலங்கையின் கிழக்குக் கரையில் ஒதுங்கியது. தடுத்து வைத்தார்கள், பிறகு வெளியே விட்டார்கள், எந்த நாடாவது கூப்பிடும் வரை காத்திரு என்றார்கள். பள்ளிவாசல்காரர்கள் சொல்லி, ராகலை டவுனில் கடை வைத்திருக்கும் அலியார் தன் கடைக்குப் பின்னால் உள்ள அறையைக் கொடுத்தார். கைக்குழந்தையாக வந்த ரொமிதா இப்போது கடைப் படியில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களிடம் மலைநாட்டுத் தமிழில் வாயாடுகிறாள்.

தாய்க்குத் தமிழ் கற்றுக்கொடுத்தது காளியாயிதான். கொழுந்து, மட்டம், மழைச் சாக்கு, அட்டை என்று தொடங்கிய படிப்பு அது. அட்டை கடித்தால் திட்டுவதற்கான சொற்களைச் செனுவாரா முதல் வாரத்திலேயே பிடித்துக்கொண்டாள். சொற்களோடு சேர்த்துக் காளியாயி தனக்குத் தெரிந்த பிழைப்பு வழியையும் சொல்லிக்கொடுத்தாள். துரை வந்தாலும் மலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா வந்தாலும் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். எதைச் சொன்னாலும் சரிங்க என்று சொல்ல வேண்டும். முடியாது என்று வாயால் சொல்லிவிட்டால் நாளைக்குப் பெரட்டில் நிற்க வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். சரி என்று சொல்லிவிட்டால் அவர்கள் போய்விடுவார்கள். பிறகு நம்மால் முடிந்ததைச் செய்துகொள்ளலாம், முடியாததை விட்டுவிடலாம். முப்பது வருசம் காளியாயி மலையில் நின்றது இந்த ஒரு வித்தையால்தான்.

அந்த ஞாயிறு பனி இறங்கி நின்றது. செனுவாரா நிரைக்கு வந்ததும் வராததுமாக, தாங்கள் இருக்கிற இடத்துக்கு ஜீப்பில் ஆட்கள் வந்ததைச் சொன்னாள். அகதிகளைப் பார்க்கிற ஆபீசிலிருந்து ஒரு வெளிநாட்டு அம்மாவும் தமிழ் பேசுகிற ஒரு மிஸ்ஸும். நிறையக் கேள்வி கேட்டார்களாம்.

"நீங்க சொல்லித் தந்த மாதிரியேதான் அக்கா. எல்லாத்துக்கும் சரிங்கன்னேன். ஒண்ணும் கோவிக்காம போயிட்டாங்க."

காளியாயி இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளி முதுகுக் கூடையில் போட்டபடியே, என்ன கேட்டார்கள் என்றாள். செனுவாரா சொல்லச் சொல்ல அவளுடைய கை மெதுவாகி, பிறகு நின்றேவிட்டது.

பல நாடுகள் கூடிப் பேசியிருக்கிறதாம். ஊரை விட்டு ஓடினவர்களைப் பத்திரமாக, அவரவர் விருப்பத்தோடு திரும்பக் கூட்டிப்போகப் போகிறார்களாம். முதலில் கொஞ்சப் பேர். அங்கே வீடு கட்டி வைத்திருக்கிறதாம். படம் காட்டினார்களாம். ஊருக்குப் போக விருப்பமா என்று அந்த மிஸ் கேட்டதாம்.

"நீ என்ன சொன்ன?"

"சரிங்கன்னேன். அந்தப் பலகை மாதிரி போன்ல விரலையும் வச்சேன்."

"ஏன் புள்ள வச்ச?"

செனுவாரா அவளைப் புரியாமல் பார்த்தாள். "சரின்னு சொல்லிட்டுப் போகாம இருந்துக்கலாம்தானே அக்கா. நீங்கதானே சொன்னீங்க."

காளியாயி தேயிலைச் செடியின் கிளையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். தோட்டத்துச் சரி ஒரு நாளோடு போய்விடும். சாயந்தரம் சங்கு ஊதினால் யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். ஜீப்பில் வருகிறவர்களிடம் சொன்ன சரி அப்படிக் கரைந்து போகாது. அது அவளுக்குத் தெரியாதா என்ன? இலங்கையும் இந்தியாவும் தோட்டத்து ஆட்களைப் பங்கு போட்ட ஒப்பந்தக் காலத்தில் அவளுடைய பெரியப்பாவிடமும் ஒரு ஐயா வந்து இந்தியாவுக்குப் போகிறாயா என்றுதான் கேட்டார். பெரியப்பாவும் வேட்டியை இறக்கிவிட்டு, சரிங்க என்றார். சொல்லிவிட்டு மறுநாள் மலைக்கு மருந்தடிக்கப் போனார். ஒரு நாள் பேரைக் கூப்பிட்டு, மூட்டையோடு நானுஓயா ஸ்டேசனில் கோச்சி ஏற்றினார்கள். இரண்டு கடிதம் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. காளியாயியின் அம்மா சாகும் வரை, கோச்சிச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வாள்.

இவ்வளவும் தெரிந்தவள்தான் செனுவாராவுக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"அங்க போனா என்ன புள்ள நடக்கும்?" என்று கேட்டாள்.

செனுவாரா கொழுந்தைப் பார்த்தபடி சொன்னாள். தன் ஊரில் இன்னும் சண்டை நடக்கிறதாம். முன்னே ஒரு கூட்டம் சுட்டது, இப்போது இன்னொரு கூட்டமும் சுடுகிறதாம். முகாமில் இருக்கிற தம்பி போனில் சொன்னானாம். படத்தில் காட்டிய வீடு அவளுடைய வீடு இல்லை. அவளுடைய ஊரும் இல்லை. வரிசையாகத் தகரம் போட்ட அறைகள். சுற்றிக் கம்பி வேலி.

"ஒங்க லயம் மாதிரித்தான் இருக்கு அக்கா. ஆனா வேலிக்கு வெளிய துவக்கோட ஆள் நிக்கிறான்."

அன்றைக்கு இரண்டு பேரும் எடுத்த கொழுந்து வழக்கத்தில் பாதிகூட இல்லை. பொன்னையா தராசைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு மலைக்கு வந்தீர்களா, இல்லை கோயிலுக்கு வந்தீர்களா என்று கேட்டார். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

தராசு முடிந்ததும் காளியாயி வீட்டுக்குப் போகாமல் செனுவாராவோடு டவுனுக்கு இறங்கினாள். அலியார் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் விசயம் தெரிந்திருந்தது. கூடத்தான் நின்றாராம். வாயைத் திறக்கவில்லையாம். திறந்தால் இந்த அறையை யாரைக் கேட்டுக் கொடுத்தாய் என்று போலீஸ் வந்து நிற்குமோ என்று பயம். அதைச் சொல்லும்போதே தெருவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"அலியார் நானா, நீங்க ஒரு போன் போட்டு இது வேணாம்னு சொல்லுங்களேன்" என்றாள் காளியாயி.

"சொல்லிப் பாத்துட்டேன் காளியாயி. அவவே நேர்ல வந்து சொல்லணுமாம். புதன்கிழமை நுவரெலியாவுக்கு வரச் சொல்றாங்க. திரும்ப ஒருக்கா கேப்பாங்களாம். மனசு மாறினா அங்க சொல்லலாமாம்."

நீங்கள் கூட்டிப்போங்கள் என்றதற்கு அவர் தலையை ஆட்டினார். ஆம்பிளை ஒருவன் கூட வந்தால், அவன்தான் மிரட்டிச் சொல்ல வைக்கிறான் என்று நினைப்பார்களாம். பொம்பிளை ஒருத்தி போனால் நல்லதாம். சொல்லிவிட்டுக் காளியாயியின் முகத்தைப் பார்க்காமல் பருப்பைப் பையில் கட்டினார். அந்தப் பருப்புக்குக் காசு வாங்கவில்லை. அது வேறு பயமாக இருந்தது. அலியார் காசு வேண்டாம் என்று சொன்னதை அவள் அதுவரை பார்த்ததில்லை.

காளியாயிக்குத் தன் பயம் ஒன்றும் இருந்தது. அவளைப் பார்த்து நீ யார், இவளை உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது? அகதியாக வந்த இவர்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. தன் பேரில் இவளுடைய கொழுந்தைப் போட்ட கதை வெளியே வந்தால் தோட்டத்தில் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் வயசான பிறகு வரும் சேமலாபக் காசு போகும். ஒருவேளை லயமும் போகும்.

வீட்டில் புருஷன் ஆண்டியப்பன் அடுப்படியில் குளிர்காய்ந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டான். கேட்டுவிட்டு, வெற்றிலைச் சாற்றை வெளியே துப்பிவிட்டு வந்தான்.

"அவ போயிட்டா ஒனக்குத் தகரக் காசு மிச்சம்."

விளையாட்டாகத்தான் சொன்னான். எப்போதும் அப்படிப் பேசுகிறவன்தான். மற்ற நாளென்றால் காளியாயி அகப்பையால் ஒரு போடு போட்டிருப்பாள். அன்று சட்டியைக் கழுவப் போய்விட்டாள். ஏனென்றால் டவுனிலிருந்து ஏறி வரும்போது, கோயில் வளைவில், அதே நினைப்பு அவளுக்கும் ஒரு கணம் வந்து போயிருந்தது. யாரும் பார்க்காத இடத்தில் பாம்பு குறுக்கே போன மாதிரி. அது தன் மனசுக்குள் இருந்துதான் வந்தது என்பது ஜீப்பைவிடப் பெரிய பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை வேலை விட்டதும் செனுவாராவை மலைக்கு வரச் சொல்லி, தேயிலைத் தூருக்குள் உட்கார வைத்து, மாட்டேன் என்று சொல்லப் பழக்கினாள். காளியாயி கொழுந்துச் சாக்கின் மேல் ஏறி உட்கார்ந்து, வெளிநாட்டு அம்மா மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டாள். ரொமிதா எதிரில் நின்று சிரித்தாள்.

"ஊருக்குப் போறியா?"

"சரி..." என்று தொடங்கிச் செனுவாரா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

திரும்பவும் கேட்டாள். திரும்பவும் அதே சரி. தலை தானாகக் குனிந்தது, கை தானாகக் கட்டிக்கொண்டது. மூன்றாம் தடவை செனுவாராவுக்குக் கோபம் வந்துவிட்டது. நீங்கள் இறங்குங்கள் என்று காளியாயியை இறக்கிவிட்டுத் தானே சாக்கின் மேல் ஏறினாள். கண்டாக்கையா மாதிரி இடுப்பில் கை வைத்தாள்.

"காளியாயி, நாளைக்கு ரெண்டு கிலோ கூட எடுக்கணும்."

"சரிங்க" என்றாள் காளியாயி.

ரொமிதா விழுந்து விழுந்து சிரித்தாள். இவர்களும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது செனுவாராவின் முகம் உடைந்தது. மகளுக்குத் தெரியாமல் இருக்க முக்காட்டை இழுத்துக்கொண்டாள். காளியாயி அவளைத் தேற்றவில்லை. தனக்கே வராத ஒன்றை இவளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

புதன்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். வழியெல்லாம் செனுவாரா மகளின் கையை விடவில்லை. கந்தப்பொலையில் ஒரு போலீஸ்காரன் ஏறியதும் இரண்டு பொம்பிளைகளும் ஒரே நேரத்தில் யன்னல் பக்கம் திரும்பினார்கள். அவன் அடுத்த தரிப்பில் இறங்கிப் போனான். நுவரெலியாவில் ஒரு பழைய மண்டபத்தில் மேசை போட்டிருந்தார்கள். வாசலில் ஜீப் நின்றது. அதன் பின் கதவு திறந்திருந்தது. இப்போதே ஏற்றிவிடுவார்களோ என்று காளியாயியின் கால் பின்வாங்கியது. எட்டிப் பார்த்தாள். உள்ளே தண்ணீர்ப் போத்தல் பெட்டிகள்தான் இருந்தன.

தமிழ் பேசுகிற மிஸ் ஹட்டன் பக்கத்துப் பிள்ளை, பேர் நிலக்ஷி. கூட வருகிறவர்கள் வெளியே இருக்க வேண்டும் என்றது. செனுவாரா காளியாயியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நிலக்ஷி அந்த அம்மாவிடம் ஏதோ பேசியது. கடைசியில், ஒரு வார்த்தையும் பேசக் கூடாது, ஜாடையும் காட்டக் கூடாது என்று சொல்லி மூலையில் ஒரு கதிரை போட்டுக் கொடுத்தது. சரிங்க மிஸ் என்றாள் காளியாயி.

வெளிநாட்டு அம்மா நல்ல முகமாகத்தான் பேசியது. நிலக்ஷி அதைத் தமிழில் சொன்னது. யாரையும் கட்டாயப்படுத்த மாட்டோம். போவதும் போகாததும் உங்கள் விருப்பம். போன கிழமை விருப்பம் என்று சொன்னீர்கள். இன்றைக்கும் அதே விருப்பம்தானா?

செனுவாராவின் தலை குனிந்தது. கை கட்டிக்கொண்டது. மூலையில் இருந்து பார்க்கும்போது, பெரட்டுக் களத்தில் நிற்கும் தன்னையே பார்க்கிற மாதிரி இருந்தது காளியாயிக்கு. சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக் கடித்தாள்.

செனுவாரா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த அம்மா கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனது. கிளம்புவதற்கு முன் இங்கே உங்களுக்கு யாராவது ஏதாவது தர வேண்டியிருக்கிறதா? நீங்கள் யாருக்காவது தர வேண்டியிருக்கிறதா?

செனுவாரா மெதுவாகத் தலையைத் தூக்கினாள். திரும்பிக் காளியாயியைப் பார்த்தாள்.

"இந்த அக்கா எனக்குப் பதினோராயிரத்து எழுநூற்றைம்பது தரணும்" என்றாள் செனுவாரா. "அத வாங்காம நான் எங்கயும் போக மாட்டேன்."

நிலக்ஷி எழுதுவதை நிறுத்திவிட்டு மூலைப் பக்கம் திரும்பியது. உண்மையா, எதற்காகத் தர வேண்டிய காசு என்று கேட்டது.

இப்போது பேசலாம் என்று ஆகிவிட்டது. எனக்கு இவளைத் தெரியாது, டவுனில் பார்த்திருக்கிறேன், வழித்துணைக்கு வந்தேன், அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். சொன்னால் தோட்டத்துப் பேரும் தப்பும், தகரக் காசும் தப்பும். கோயில் வளைவில் குறுக்கே போனது மறுபடியும் தலையைத் தூக்கிப் பார்த்தது. காளியாயி தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். ஈரமாக இருந்தது.

"உண்மைதாங்க மிஸ். அவ எடுத்த கொழுந்து. என் பேர்ல போட்டது. காசை நான்தான் தகரத்துக்குச் செலவழிச்சிட்டேன்."

நிலக்ஷி அதைச் சொன்னது. அந்த அம்மா செனுவாராவிடம், அந்தக் காசு கிடைத்தால் போவீர்களா என்று கேட்கச் சொன்னது.

"கெடைச்சாலும் மாட்டேன்."

ஒரு தடவை வாய்க்கு வந்துவிட்ட சொல் பிறகு தானாக வந்தது. செனுவாரா கட்டிய கையை அவிழ்த்து மகளின் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எங்க ஊருக்குப் போக எனக்கு ஆசைதான் மிஸ். அங்க எங்க குளம் இருக்கு. பாக்கு மரம் இருக்கு. அந்தப் படத்துல இருக்கிற எடத்துக்கு மாட்டேன். சுடுறத நிப்பாட்டட்டும். நீ இந்த ஊர்க்காரின்னு எழுதித் தரட்டும். அன்னைக்கு நீங்க ஜீப் கொண்டு வர வேணாம். நானே வருவேன்."

நிலக்ஷி அதை ஆங்கிலத்தில் சொல்ல, வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. இடையில் ஒரு தடவை நிறுத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டது. அந்த அம்மா கையிலிருந்த பலகையில் எதையோ மாற்றியது. செனுவாராவின் பேரை இந்தத் தடவை போகிறவர்களோடு சேர்க்கவில்லை என்றது. திரும்பவும் எப்போதாவது வந்து கேட்போம், அப்போதும் இதே மாதிரி சொல்லலாம் என்றது. வெளியே வரும்போது நிலக்ஷி காளியாயியின் காதோடு, எந்தத் தோட்டம் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை என்றது.

பஸ்ஸில் திரும்பும்போது யாரும் சந்தோசமாக இல்லை. ரொமிதா மட்டும் கச்சான் கடலை தின்றாள். திரும்பவும் வருவோம் என்ற சொல்லை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக மென்றுகொண்டு வந்தார்கள்.

அதற்குப் பிறகு காளியாயிக்குக் காது நீண்டுவிட்டது. மேல் ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்டால் கை நிற்கும். பெரட்டில் தன் பேரைக் கூப்பிடுகிற வரை மூச்சு வராது. கூப்பிட்டார்கள். மறுநாளும் கூப்பிட்டார்கள். தீபாவளிக்கு முற்பணம் கொடுத்தபோது அவள் பேருக்கும் காசு வந்தது. ஆண்டியப்பன் உடுக்கப் புதுச் சாரம் ஒன்று கேட்டான். போன வருசத்துச் சாரத்துக்கு என்ன குறை என்று கேட்டுவிட்டுக் காசை இடுப்பில் முடிந்துகொண்டாள்.

அடுத்த ஞாயிறு நிரையில் நின்றே அதை அவிழ்த்தாள். நீட்டிய கையைப் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"புள்ள, இத நானே வச்சிக்கிட்டா என்ன? இதச் சொல்லித்தானே தப்பிச்ச. திரும்ப வந்து கேட்டா என்னத்தச் சொல்லுவ?"

செனுவாரா அந்தக் கையைப் பார்த்தாள். அவளும் பயந்துதான் இருந்தாள்.

"குடுங்க அக்கா. ரொமிதாவுக்குக் கால்ல போடச் சப்பாத்து இல்ல. அவங்க வந்தா மாட்டேன்னு சொல்றேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்களும் கூட வரணும்" என்றாள்.

அப்போது மேல் ரோட்டில் ஒரு வண்டி உறுமிக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் தேயிலைத் தூருக்குக் கீழே குனிந்தார்கள். பனிக்குள்ளே இருந்து தோட்டத்துக் கொழுந்து லொறி தலையை நீட்டியது. நிமிர்ந்தார்கள். செனுவாரா காசை வாங்கி, எச்சில் தொட்டு எண்ணி, சட்டைக்குள் வைத்தாள்.

மாலையில் தராசடியில் பொன்னையா வானத்தைப் பார்த்தபடி அன்றைய கைக்காசைக் காளியாயியிடம் கொடுத்தார். அதில் செனுவாராவின் பங்கை அந்த இடத்திலேயே பிரித்து அவள் கையில் வைத்தாள் காளியாயி. பழைய பாக்கி என்று இனி ஒரு சதமும் இல்லை.